ஆவாரை வளர்ப்போம், புழுவையும் பொறுப்போம்

சித்திரை, வைகாசி மாதங்களில் நம் வீட்டுத் தோட்டங்கள் படும் பாட்டை நாம் அனைவரும் அறிவோம். குடிப்பதற்கும் சமைப்பதற்குமே நீரைக் குடம் குடமாக எண்ணிச் செலவிடும் நாள்களில் பூச்செடிக்கு ஊற்ற நீர் ஏது? விலை கொடுத்து வாங்கி வைத்த செடிகள் ஒவ்வொன்றாக வாடுகின்றன. அதே வேளையில், ஊருக்கு வெளியே ஒருவரும் நீர் ஊற்றாத பாறைச் சரிவிலும் சாலை ஓரத்திலும் ஏரிக்கரை மேட்டிலும் ஆவாரை பசுமை குன்றாமல் நிற்கிறது. ஒரு மழை பெய்தால் போதும். கிளைதோறும் மஞ்சள் பூங்கொத்துகளைத் தாங்கி விடுகிறது. அச்செடியை நம் தோட்டத்தில் வைத்து வளர்த்தால் என்ன?

இவ்வினாவுக்கு விடை தருவது இப்பாடத்தின் முதல் நோக்கம். ஆவாரையை நட்டவர் தோட்டத்துக்கு வண்ணத்துப்பூச்சிகள் வரும். ஆனால் அவை எதற்காக வருகின்றன என்பதைப் பலர் அறியார். அறியாத காரணத்தால், வரவேண்டும் என்று விரும்பிய உயிரையே தம் கையால் கொன்றுவிடுகின்றனர். அந்தப் பிழை நேராமல் காப்பது இப்பாடத்தின் இரண்டாவது நோக்கம். முதன்மையான நோக்கமும் அதுவே.

செடியை அறிதல்

ஆவாரை, ஆவிரை, ஆவாரம் என்னும் பெயர்கள் அனைத்தும் ஒரே செடியைக் குறிப்பவை. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லப்படும் மலர்களுள் ஆவிரையும் ஒன்று. சங்கப் பாடல்களில் மடல் ஏறும் தலைவன் எருக்கம்பூவோடும் பூளைப்பூவோடும் இம்மலரையும் சூடி வருகிறான். கொங்கு நாட்டில் இன்றும் தைப்பொங்கலுக்கு முன்னாள் பூளைப்பூ, வேப்பிலை ஆகியவற்றோடு ஆவாரம்பூவைச் சேர்த்து வீட்டின் இறவாணத்தில் காப்புக் கட்டுகின்றனர். தெலுங்கு மக்கள் இதைத் தங்கேடு என்பர். பதுக்கம்மா விழாவில் பெண்கள் அடுக்கும் மலர்களுள் இதற்குத் தனி இடம் உண்டு. 2014ஆம் ஆண்டில் தெலங்கானா மாநிலம் உருவானபின் இதுவே அம்மாநிலத்தின் மலராக ஏற்கப்பட்டது.

தாவரவியலார் இதனைச் சென்னா ஆரிகுலேட்டா என்று அழைக்கின்றனர். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1753ஆம் ஆண்டில் இதற்குக் காசியா ஆரிகுலேட்டா என்று பெயரிட்டார். பின்னர் இது சென்னா என்னும் பேரினத்தில் சேர்க்கப்பட்டது. 'ஆரிகுலேட்டா' என்னும் இலத்தீன் சொல்லுக்குக் காது போன்ற உறுப்பை உடையது என்பது பொருள். ஆவாரையின் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காது மடலைப் போல அகன்ற இலையடிச் செதில்கள் இரண்டு இருக்கும். செடியை ஐயமின்றி அடையாளம் காண இக்காதுகளே சிறந்த வழி.

இந்தியாவும் இலங்கையும் ஆவாரையின் தாயகம். பெரும்பாலும் ஆளுயரப் புதராக வளரும். நல்ல மண்ணில் அதற்கு மேலும் உயரும். ஒவ்வோர் இலையிலும் 8 முதல் 12 இணை வரை சிற்றிலைகள் உண்டு. ஒவ்வோர் இணைக்கும் நடுவே ஒரு சிறு சுரப்பியைக் காணலாம். மாலையில் இச்சிற்றிலைகள் மடிந்து, காலையில் மீண்டும் விரியும். பூ ஐந்து இதழ்களை உடையது. பொன் மஞ்சள் நிறம். காய் தட்டையானது, முற்றியபின் காகிதம் போல் மெலிந்து பழுப்பு நிறமாகிக் காற்றில் சலசலக்கும்.

மஞ்சள் பூப் பூக்கும் செடிகளெல்லாம் ஆவாரை ஆகமாட்டா. நாற்றங்காலில் செடி வாங்குவோர் இதில் விழிப்பாக இருத்தல் வேண்டும். தகரை, பேயாவரை, சீமையகத்தி, நிலவாகை ஆகியவை இதன் உறவினங்கள். அயல்நாட்டிலிருந்து வந்த சென்னா இனங்களுள் சில, காடுகளில் கட்டுக்கடங்காமல் பரவிப் பெருந்தீங்கு விளைவிக்கின்றன. சென்னா இசுபெக்டாபிலிசு என்னும் மரம் நீலகிரி, சத்தியமங்கலம் காடுகளில் பரவியதால் வனத்துறை அதனை வெட்டி அகற்றி வருவதை இங்கு நினைவு கொள்வோம். ஆகவே காதுச் செதிலும் தட்டைக் காயும் உள்ளனவா என்று பார்த்த பின்னரே நடுதல் வேண்டும்.

வறட்சியைத் தாங்குவது எவ்வாறு?

ஆவாரையின் வலிமை மண்ணுக்கு அடியில் இருக்கிறது. முளைத்த சில வாரங்களிலேயே அதன் ஆணிவேர் நேராகக் கீழ்நோக்கி இறங்கத் தொடங்கும். மேலே ஒரு சாண் செடி நிற்கும்போதே, கீழே அதனினும் நீண்ட வேர் ஓடியிருக்கும். மேல்மண் காய்ந்தபின்னும் ஆழத்தில் உள்ள ஈரம் அதற்குக் கிட்டுகிறது. சிற்றிலைகள் சிறியவையாதலால் வெயிலில் எளிதில் சூடேறிக் கருகுவதில்லை. ஆடு மாடுகள் பெரும்பாலும் இதனை விரும்பி மேய்வதில்லை. அடியோடு வெட்டினாலும் கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது.

செம்மண், சரளை மண், கரிசல் மண் ஆகிய அனைத்திலும் இது வளரும். சிறிது உவர் தன்மையையும் பொறுத்துக்கொள்ளும். இதன் தழையை வெட்டி வயலில் மிதித்துத் தழையுரமாக இடும் வழக்கம் நம் உழவர்களிடம் நெடுங்காலமாக உண்டு. ஆயினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அவரை, உளுந்து ஆகியவற்றைப் போலக் காய்ப்பதால் இதுவும் வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும் என்று சிலர் கருதுகின்றனர். சென்னா இனச் செடிகளில் பொதுவாக அத்தகைய வேர்முடிச்சுகள் உண்டாவதில்லை. தழை மக்கி உரமாகும். வேர் உரம் சேர்க்காது.

இச்செடி பொறுத்துக்கொள்ளாதவை இரண்டு. ஒன்று தேங்கிய நீர், மற்றொன்று நிழல். வடகிழக்குப் பருவமழையின்போது நான்கு நாள் நீர் நிற்கும் பள்ளத்தில் ஆவாரையை நட்டால் வேர் அழுகிவிடும். மரத்தடியில் நட்டால் கொடி போல் மெலிந்து நீண்டு, பூ இன்றி நிற்கும். வெயிலில் இறகை விரித்துச் சூடேற்றிக் கொண்ட பின்னரே வண்ணத்துப்பூச்சி நன்கு பறக்கும். ஆகவே செடிக்கு நல்ல இடமே பூச்சிக்கும் நல்ல இடம்.

வண்ணத்துப்பூச்சி எதற்காக வருகிறது?

பூ இருந்தால் தேன் இருக்கும், தேனுக்காக வண்ணத்துப்பூச்சி வரும் என்று நாம் எண்ணுவது இயல்பே. ஆவாரம்பூவின் செய்தி வேறு. அதில் தேன் இல்லை. அப்பூ தருவது மகரந்தம் ஒன்றே. அதுவும் எளிதில் கிடைப்பதன்று. மகரந்தப்பையின் நுனியில் சிறு துளை மட்டுமே உண்டு. மரத்தைத் துளைத்துக் கூடு அமைக்கும் பெரிய கருவண்டுகள் பூவைப் பற்றிக்கொண்டு தம் உடலை அதிரச் செய்யும். அந்த அதிர்வில் துளை வழியே மகரந்தம் பொடியாகச் சிதறும். வண்டு மகரந்தத்தைப் பெறுகிறது, பூ காயாகிறது. காலை வேளையில் ஆவாரையின் அருகே நின்றால், வண்டு பறக்கும்போது ஓர் ஒலியும் பூவில் அமர்ந்தபின் வேறோர் ஒலியும் எழுவதைக் கேட்கலாம். இரண்டாவது ஒலி அந்த அதிர்வின் ஒலி.

அப்படியாயின் வண்ணத்துப்பூச்சி ஏன் வருகிறது? பூவை நாடி அன்று. இலையை நாடி வருகிறது. வந்து இலையில் முட்டையிடுகிறது. ஆவாரை அதற்கு விருந்து மண்டபம் அன்று. பிள்ளை பெறும் தாய்வீடு.

அவ்வாறு வருபவற்றுள் முதன்மையானது கட்டாப்சிலியா பைராந்தி என்னும் இனம். இதற்கும் 1758ஆம் ஆண்டில் அறிவியல் பெயர் இட்டவர் அதே லின்னேயசுதான். வெண்மையில் இளம்பச்சை தோய்ந்தது போன்ற இறகுகளை உடையது, விரைந்து பறப்பது. கூட்டம் கூட்டமாக இடம்விட்டு இடம் பெயரும் இயல்புடையதால், ஆங்கிலத்தில் இவ்வகைப் பூச்சிகளைக் குடிபெயர்வோர் என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். இதன் புழு எல்லா இலையையும் தின்பதன்று. ஆவாரை, தகரை, பேயாவரை முதலிய சென்னா இனங்களே அதன் முதன்மையான உணவு. இவை இல்லாத ஊரில் எத்துணை பூந்தோட்டங்கள் இருப்பினும் இப்பூச்சி தன் குலத்தைப் பெருக்க இயலாது.

முட்டை முதல் இறகு வரை

பெண் பூச்சி இளந்தளிர்களைத் தேடி, ஓர் இடத்தில் ஒன்றாகத் தனித்தனியே முட்டையிடும். முட்டை வெண்ணிறமானது, நெற்பொட்டின் நுனியைப் போல இரு முனையும் கூம்பியது, கூர்ந்து நோக்கினால் ஒழியக் கண்ணுக்குப் புலப்படாது. சில நாள்களில் அதிலிருந்து நூல் போன்ற புழு வெளிவரும். முதலில் இலையைச் சுரண்டி உண்ணும். வளர வளர விளிம்பிலிருந்து கடித்து உண்ணும். உடல் பெருக்கும்போது தோல் இறுகுவதால், பழைய தோலை உரித்துவிட்டுப் புதிய தோலுடன் வளரும். இவ்வாறு பலமுறை நிகழும்.

முழு வளர்ச்சி அடைந்த புழு ஏறத்தாழ ஒரு விரல் நீளம் இருக்கும். நிறம் இலைப் பச்சை. பக்கவாட்டில் வெளிறிய ஒரு கோடும், அதன் மேல் கரும்புள்ளிகளின் வரிசையும் தெரியும். இலைக்காம்பின்மேல் நீட்டிப் படுத்திருந்தால் காம்பு எது, புழு எது என்று தெரியாது. இதற்குக் கம்பளிப்பூச்சியைப் போன்ற சுணை மயிர் இல்லை. தொட்டாலும் அரிப்பு உண்டாகாது; கடிக்காது; கொட்டாது. குழந்தைகள் அருகில் இருந்து பார்ப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

பின்னர் அப்புழு உண்பதை நிறுத்தி, இலையின் அடிப்புறத்திலோ மெல்லிய கிளையிலோ இடம் தேடும். வால் நுனியைப் பட்டு நூலால் ஒட்டிக்கொண்டு, இடுப்பைச் சுற்றியும் ஒரு நூலைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். அதன் தலைப்பக்கம் கூர்மையாக நீண்டிருக்கும், நிறம் இளம்பச்சை. மடிந்த இலை என்றே எவரும் நினைப்பர். உள்ளிருக்கும் இறகின் நிறம் புறத்தே தெரியத் தொடங்கினால், விரைவில் பூச்சி வெளிவரும் என்று அறியலாம். வெப்பமான நம் ஊர்களில் முட்டையிலிருந்து இறகு வரை ஏறத்தாழ மூன்று அல்லது நான்கு வாரங்கள் ஆகும்.

விதை சேர்த்தலும் முளைக்க வைத்தலும்

ஆவாரையை விதையிலிருந்து வளர்ப்பதே நன்று. காட்டில் நிற்கும் செடியைப் பிடுங்கி வந்து நட்டால் ஆணிவேர் அறுந்து, பெரும்பாலும் பட்டுப்போகும். அங்கும் ஒரு செடி குறையும். இங்கும் ஒன்று நிற்காது.

செடியிலேயே காய்ந்து பழுப்பேறிய காய்களைப் பறித்து, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, கையால் கசக்கி விதைகளைப் பிரிக்கலாம். ஒரே செடியிலிருந்து அனைத்தையும் எடுக்காமல் பல செடிகளிலிருந்து சிறிது சிறிதாக எடுத்தல் முறை. துளை விழுந்த விதைகளில் சிறு வண்டினம் குடியிருக்கும். அத்தகைய காய்களையும் விதைகளையும் எடுத்த செடியின் அடியிலேயே போட்டுவிடுவது நல்லது.

விதையின் தோல் மிகக் கடினமானது. அப்படியே மண்ணில் இட்டால் சில முளைக்கும். பல மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். வறண்ட நிலத்துச் செடிக்கு இது ஒரு பாதுகாப்பு. ஒரு மழையை நம்பி எல்லா விதையும் முளைத்து, அடுத்த மழை பொய்த்தால் குலமே அழியும் அல்லவா? தோட்டத்தில் அந்த உறக்கத்தைக் கலைக்கும் வழி வருமாறு:

1. நீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கிச் சில நிமிடங்கள் ஆறவிட வேண்டும். அந்நீரில் விதைகளை இட்டு ஓர் இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். விதைகளை அடுப்பின்மேல் வைத்துக் கொதிக்க விடுதல் கூடாது.

2. காலையில் பருத்திருக்கும் விதைகளை எடுத்து அன்றே விதைக்க வேண்டும். பருக்காத விதைகளை உப்புத்தாளில் மெல்லத் தேய்த்து மீண்டும் நீரில் ஊறவைக்கலாம்.

3. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு கலந்து நீளமான நாற்றுப் பையில் நிரப்ப வேண்டும். பைக்கு இரண்டு விதைகளை அரை விரற்கடை ஆழத்தில் ஊன்றி, பூவாளியால் நீர் தெளித்து வர வேண்டும். ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் முளை காணும்.

4. இரண்டு அல்லது மூன்று மாதங்களுக்கு மேல் நாற்றைப் பையில் வைத்திருத்தல் கூடாது. வேர் பையின் அடியில் சுருண்டு விட்டால் பின்னர் ஆழத்துக்கு இறங்காது. செடி வறட்சியைத் தாங்கும் திறனையே இழந்துவிடும்.

நாற்று வளர்க்க வசதி இல்லாதவர்கள், ஊறவைத்த விதையை மழைக்கு முன் நேராகக் குழியிலேயே ஊன்றலாம். வேர் தடையின்றி இறங்குவதால் இம்முறை நாற்றினும் சிறந்தது என்றே கூறலாம்.

நடுதலும் நீரும்

ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம் உள்ள குழி போதும். தோண்டிய மண்ணோடு ஒரு கூடை மக்கிய எருவைக் கலந்து குழியை நிரப்பி, நடுவில் நட வேண்டும். செடிக்குச் செடி ஐந்து அல்லது ஆறு அடி இடைவெளி விடுதல் நன்று. புரட்டாசியில் நட்டால், ஐப்பசி, கார்த்திகை மழை செடியை ஊன்றச் செய்யும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில் பெய்வதால் அதுவே நமக்கு ஏற்ற காலம்.

ஒரு செடியோடு நிறுத்தாமல், இடம் இருப்பின் நான்கு அல்லது ஐந்து செடிகள் வைக்க வேண்டும். ஒன்றை மட்டும் வைத்தால் புழுக்கள் அதனை மொட்டையாக்கிவிட்டு உணவின்றித் தவிக்கும். பல இருப்பின் செடியும் தேறும், புழுவும் பிழைக்கும்.

முதல் கோடையில் மட்டும் வாரம் ஒரு முறை ஒரு குடம் நீர் ஊற்ற வேண்டும். அதையும் நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிப்பதில் பயனில்லை. மேல்மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே தங்கிவிடும். ஒரே முறையில் ஆழ நனையும்படி ஊற்றினால் வேர் நீரைத் தேடிக் கீழே செல்லும். இரண்டாம் ஆண்டு முதல் பெரும் பஞ்சம் வந்தால் ஒழிய நீர் வேண்டியதில்லை. பெரும்பாலும் அவ்வாண்டிலேயே பூக்கத் தொடங்கும். இரசாயன உரம் எதுவும் தேவையில்லை.

காய் முற்றியபின், மழை தொடங்கும் சமயத்தில் செடியை இரண்டு மூன்று அடி உயரத்துக்குக் கவாத்து செய்யலாம். புதிய துளிர்கள் வரும். துளிர்களையே தாய்ப்பூச்சி நாடும். ஆனால் எல்லாச் செடிகளையும் ஒரே நாளில் வெட்டக் கூடாது. பாதியை இப்போதும், மீதியை ஒரு மாதம் கழித்தும் வெட்ட வேண்டும். கத்தரியை வைக்கும் முன் ஒவ்வொரு கிளையின் அடிப்புறத்தையும் பார்த்தல் கடமை. கூட்டுப்புழு தொங்கும் கிளையை விட்டுவிட வேண்டும். அறியாமல் வெட்டிவிட்டால், அக்கிளையை மற்றொரு செடியின் நிழலான பகுதியில் கட்டித் தொங்கவிடலாம்.

புழுவைக் காணும் நாள்

இப்பாடத்தின் உள்ளீடு இதுவே. ஒரு நாள் காலையில் நீங்கள் ஆவாரையைப் பார்க்கும்போது இலைகள் கடிபட்டிருக்கும். கிளையில் நான்கு பச்சைப் புழுக்கள் தெரியும். ஓராண்டாக வளர்த்த செடி பாழாகிறதே என்று உள்ளம் பதறும். உரக்கடையில் கேட்டால் உடனே ஒரு புட்டி தருவர். வீட்டில் உள்ளோர் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம் என்பர். அது இயற்கையானதுதானே என்று மனமும் இசையும்.

இங்கே நின்று சிந்திக்க வேண்டும். வண்ணத்துப்பூச்சி வேண்டும், புழு வேண்டாம் என்பது மரம் வேண்டும், விதை வேண்டாம் என்பதற்கு ஒப்பாகும். புழுவும் பூச்சியும் இரண்டல்ல. ஓர் உயிரின் இரு பருவங்கள். இயற்கை மருந்து என்று விற்கப்படுபவையும் புழுவைக் கொல்லவே ஆக்கப்பட்டவை. பாசில்லசு துரிஞ்சியென்சிசு என்னும் நுண்ணுயிரிலிருந்து செய்யப்படும் பொடி, குறிப்பாக இவ்வகைப் புழுக்களின் குடலையே அழிக்கும். வேப்பெண்ணெய் புழு உண்பதையும் வளர்வதையும் தடுக்கும். இரசாயனமோ இயற்கையோ, தெளித்தபின் செடியில் பூச்சி இராது. ஆவாரையில் எதனையும் தெளிக்காமல் இருப்பதே ஆவாரை வளர்ப்பின் முதல் விதி.

செடி என்னாகும் என்று கவலை கொள்ள வேண்டியதில்லை. ஆவாரையும் இப்புழுவும் எத்தனையோ காலமாகச் சேர்ந்து வாழ்பவை. இலை இழந்த கிளை சில வாரங்களில் மீண்டும் தளிர்க்கும். புழுக்கள் அளவின்றிப் பெருகிவிடும் என்று அஞ்சவும் வேண்டா. பறவையும் குளவியும் எறும்பும் சிலந்தியும் அவற்றை உண்ணும். இட்ட முட்டைகளில் சிலவே இறகு பெறும். அந்தச் சிலவற்றுக்கும் நாம் எமனாக வேண்டுமா என்பதே வினா.

உமாசுவாதி அருளிய தத்துவார்த்த சூத்திரம், புழு முதலியவற்றுக்கு இரண்டு, எறும்பு முதலியவற்றுக்கு மூன்று, வண்டு முதலியவற்றுக்கு நான்கு, மனிதர் முதலியோர்க்கு ஐந்து என அறிவுகள் ஒவ்வொன்றாக ஏறுவதைக் கூறுகிறது. செடியையும் ஓரறிவுயிராகவே கொள்கிறோம். இலையைப் புழு உண்பதையும் புழுவைப் பறவை உண்பதையும் நம்மால் தடுக்க இயலாது. தடுக்க முற்படுவதும் முறையன்று. நம் கையால் நிகழும் கொலையைத் தவிர்ப்பது மட்டும் நம் ஆற்றலுக்கு உட்பட்டது. கொல்லாமை என்பது உணவில் மட்டும் கடைப்பிடிக்கும் நெறி அன்று. அழகாக இல்லாத, நமக்குச் சிறிது இழப்பைத் தருகின்ற உயிரின் முன்னிலையில்தான் அது உண்மையில் சோதிக்கப்படுகிறது. கடிபட்ட பத்து இலைகள் அச்சோதனைக்கு நாம் தரும் மிகச் சிறிய விலை.

துணைச் செடிகள்

பிறந்த பூச்சிக்குத் தேன் வேண்டும். அதனை ஆவாரை தராது என்று கண்டோம். ஆகவே தேன் உள்ள எளிய செடிகள் சிலவற்றை அருகில் வைக்க வேண்டும். வெட்சி எனப்படும் இட்லிப்பூ நன்று. தும்பையும் வெட்டுக்காயப் பூண்டும் தாமாகவே முளைப்பவை. களை என்று அவற்றை முழுவதும் பிடுங்காமல் ஓர் ஓரத்தில் விட்டுவைத்தால் போதும். உண்ணிச்செடியில் பூச்சிகள் மொய்ப்பது உண்மையே. ஆயினும் அது நம் காடுகளை நெருக்கி அழிக்கும் அயல் செடியாதலால் தோட்டத்தில் வைத்தல் ஆகாது.

ஒவ்வொரு வண்ணத்துப்பூச்சிக்கும் உரிய இலை வேறு. எருக்கின் இலையில் வளர்வது ஓர் இனம். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வளர்வது மற்றோர் இனம். கறிவேப்பிலை பறிக்கும்போது பறவை எச்சம் போலக் கருமையும் வெண்மையுமாக ஒரு புழு இருப்பின், அந்தக் காம்பை விட்டு வேறு காம்பைப் பறிப்போம். மேலும், ஆழமற்ற ஒரு மண் தட்டில் மணலை நிரப்பி நீர் தெளித்து வைத்தால், ஆண் பூச்சிகள் அந்த ஈர மணலில் அமர்ந்து உப்புச் சத்தை உறிஞ்சுவதைக் காணலாம். நீர் மணலுக்கு மேல் நிற்காமல் பார்த்துக்கொள்க.

வெளியில் உள்ள ஆவாரை

ஆவாரையை மனிதர் பலவாறு பயன்படுத்தி வந்துள்ளனர். அதன் பட்டை தோல் பதனிடுவதற்குச் சிறந்தது. சென்னை மாகாணத்தில் அத்தொழில் பெருகியபோது காடு மேடுகளில் ஆவாரம்பட்டை மிகுதியாக உரிக்கப்பட்டது. அதன் ஆங்கிலப் பெயரே தோல் பதனிடுவோரைச் சுட்டுவது. பின்னர் வாட்டில் மரப்பட்டை வந்து அதன் இடத்தைப் பிடித்தது. இன்று பூவை உலர்த்திப் பானம் செய்கின்றனர். முகப்பூச்சுப் பொடியில் சேர்க்கின்றனர். நீரிழிவுக்கு நல்லதென்றும் குடிக்கின்றனர். மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிட்டு இதனை நம்புதல் தவறு என்பதை மட்டும் இங்குக் கூறி அமைவோம்.

பூ வேண்டுவோர் ஒரு செடியின் எல்லாக் கொத்துகளையும் பறிக்காமல், காய்க்கும் அளவுக்கு விட்டு எடுக்க வேண்டும். காப்புக் கட்டுக்குக் கிளை ஒடிப்போர் முதலில் இலையின் அடிப்புறத்தைப் பார்த்து ஒடிக்க வேண்டும். ஏரிக்கரையையும் பொது நிலத்தையும் தூய்மை செய்கிறோம் என்று தீ வைப்பதைக் கைவிட வேண்டும். ஆவாரைப் புதர் ஒன்று எரியும்போது எத்தனை முட்டைகள், எத்தனை கூட்டுப்புழுக்கள் எரிகின்றன என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆலயத் தோட்டங்களிலும் பள்ளி வளாகங்களிலும் வேலியோரமாக ஆவாரையை வரிசையாக நடலாம். இரண்டாம் ஆண்டுக்குப்பின் நீர்ச்செலவு இல்லை. மருந்துச் செலவு என்றும் இல்லை. நிலம் இல்லாதோர் மாடியில் ஆழமான பெரிய தொட்டியில் ஒரு செடி வைக்கலாம். தொட்டியில் வேர் ஆழ இறங்க இடம் இல்லையாதலால், அதற்கு மட்டும் கோடை முழுவதும் நீர் ஊற்றி வர வேண்டும்.

இப்பாடத்தைப் படித்தவர்கள் தம் இல்லத்துச் சிறுவர்களோடு அமர்ந்து கீழ்வரும் வினாக்களுக்கு விடை காண முயல்க.

1. ஆவாரையை அதன் உறவினங்களிலிருந்து பிரித்து அறிய உதவும் அடையாளங்கள் யாவை?

2. தேன் இல்லாத பூவுக்குக் கருவண்டு ஏன் வருகிறது? வண்ணத்துப்பூச்சி ஆவாரையை ஏன் நாடுகிறது?

3. விதையின் தோல் கடினமாக இருப்பதால் வறண்ட நிலத்துச் செடிக்கு விளையும் நன்மை யாது?

4. முதல் கோடையில் நாள்தோறும் சிறிது நீர் தெளிப்பதைவிட, வாரம் ஒரு முறை ஆழ நனைப்பது ஏன் நன்று?

5. உங்கள் வீட்டுச் செடி ஒன்றில் புழுவைக் கண்டால் செய்ய வேண்டியவை யாவை? செய்யக் கூடாதவை யாவை?

ஐந்தாம் வினாவுக்கு விடையை ஏட்டில் எழுதினால் மட்டும் போதாது. வரும் புரட்டாசியில் விதை ஊன்றி, அடுத்த ஆண்டு அச்செடியின் அருகில் நின்று விடை கூறுவோம்.